எல்லைக்கல்லும் கட்டுச்சோறும்

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் நடந்ததென்னவோ நடந்ததுதான், குலவர்த்தனன் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனிதர். ஒரே ஒரு கெட்ட பழக்கம், பாட்டு எழுதுவார். எழுதினால் போகட்டும், சபையைக் கூட்டி வாசிப்பார். வாசித்தால் போகட்டும், வாசித்துக்கொண்டே ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பார்.

ஒருநாள் தம்முடைய குதிரையைப் பற்றித் தாமே இயற்றிய பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார். குதிரையின் காதை வர்ணித்து முடிப்பதற்குள்ளேயே பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. வால் வரைக்கும் போயாக வேண்டுமே என்று சபை கலங்கிப்போய் உட்கார்ந்திருந்த நேரத்தில், பக்கத்துக் கிழக்கு நாட்டுத் தூதர் வாயைத் திறந்தார். பாராட்டத்தான் திறக்கிறார் என்று ராஜா ஆவலோடு பார்த்தால், கொட்டாவி! அதுவும் அடக்கமான கொட்டாவியா? கடைவாய்ப் பல் தெரிய, கடைசியில் ராகம் வேறு இழுத்த கொட்டாவி.

அவ்வளவுதான். தூதர் அன்றைக்கே மூட்டை முடிச்சோடு ஊர் போய்ச் சேர்ந்தார். மறுநாள் தண்டோரா போட்டார்கள். கிழக்கு நாட்டில் விளைந்தது, காய்ந்தது, உண்டானது எதுவும் இனி எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. இதைக் கேள்விப்பட்ட கிழக்கு நாட்டு ராஜா, "சரி, நமக்கு வண்டிக்கூலி மிச்சம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாராம். அந்த நாட்டில் எல்லாருக்குமே கொஞ்சம் தூக்கம் அதிகம்போல.

கோபத்தில் நம் ராஜாவுக்கு ஒரு சின்ன விஷயம் மறந்துபோயிற்று. இந்த நாட்டில் நெல் உண்டு, கரும்பு உண்டு, புளி உண்டு. கடல் மட்டும் இல்லை. உப்பு மொத்தமும் கிழக்கிலிருந்து வண்டியில் வந்ததுதான்.

முதலில் சந்தையில் உப்பு தீர்ந்தது. பிறகு வீட்டுப் பானைகளில் தீர்ந்தது. நகையைத் திறந்த அலமாரியில் போட்டுவிட்டு, ஊறுகாய் ஜாடியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். அடுத்த வீட்டு ரசத்தில் உப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே, மருந்துக்கு என்று சொல்லி ஒரு கரண்டி ரசம் கடன் கேட்டுப் போனவர்கள் உண்டு.

அரண்மனையிலும் சப்பென்ற சாப்பாடுதான். ஆனால் ராஜா வாயால் அதை ஒப்புக்கொள்ள முடியுமா? முதல் கவளத்தை விழுங்கிவிட்டு, "நன்றாகத்தானே இருக்கிறது?" என்பார். பெரிய மந்திரி தருமலிங்கர் உடனே, "உப்பு போட்டதால்தான் மன்னா, இத்தனை காலம் கத்தரிக்காயின் உண்மையான ருசி நமக்குத் தெரியாமலே போயிற்று!" என்பார். சொன்னவர் வீட்டுக் கொல்லையில் ஒரு பானை உப்பு புதைந்திருந்ததாக அவர் வீட்டு வேலைக்காரி சொன்னாள். நமக்கெதற்கு அந்த வம்பு?

இந்தச் சபையில்தான் நாச்சப்பன் என்கிற விகடகவி இருந்தான். அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். மந்திரி வாயைத் திறந்தால் ராஜா ஜன்னல் வழியே மயிலைப் பார்ப்பார். மந்திரிக்கு அவனைக் கண்டால் ஆகாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

ஆனால் அந்த நாட்களில் நாச்சப்பனுக்கே சிரிப்பு வரவில்லை. ஒரே மகள் மயிலாத்தாளைக் கிழக்கு நாட்டில் உப்பளம் வைத்திருக்கும் குடும்பத்தில்தான் கட்டிக் கொடுத்திருந்தான். அவளுக்கு இப்போது நிறைமாதம். அந்தப் பக்கத்து வழக்கப்படி, பெண்ணைப் பெற்றவள் விதவிதமான சோறு சமைத்துக் கட்டுச்சோறாகக் கொண்டுபோய், சம்பந்தி வீட்டில் விருந்து வைத்து, மகளைத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். இந்த நேரம் பார்த்தா எல்லையை மூட வேண்டும்?

"ஏனுங்க, ராஜாவையே சிரிக்க வெக்கிறீங்களாமா," என்றாள் அவன் பெண்டாட்டி காளியாத்தாள். "பெத்த புள்ளையக் கூட்டிட்டு வர வழியைக் காணோம்?"

"தண்டோரா போட்டிருக்காங்களே, புள்ள."

"தண்டோராவா வந்து பிரசவம் பாக்கும்?" என்று சீறியவள் சட்டென்று குரலை இறக்கினாள். "தலைச்சனுங்க. இவளைப் பெத்தப்போ நானே செத்துப் பொழைச்சவ. எங்கம்மா கையைப் புடிச்சிட்டுத்தான் கெடந்தேன். இவ யார் கையைப் புடிப்பா?"

நாச்சப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சபைக்குப் போனான்.

"மகாராஜா, என் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு வர வேண்டும். தாங்கள் அனுமதி தர வேண்டும்."

ராஜாவுக்கு மனம் இளகிற்று. "அவள் நம் நாட்டில் பிறந்தவள்தானே? வரட்டுமே."

மந்திரி இருமினார். அவர் இருமினால் யாருக்கோ கேடு என்று அர்த்தம். "பெண் நம்முடையவள், மன்னா. அதில் வழக்கே இல்லை. தாராளமாக வரட்டும். ஆனால் வயிற்றுக்குள் இருப்பது? அது கிழக்கு நாட்டில் உண்டானதாயிற்றே! அதை மட்டும் அங்கே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்."

சபை கொல்லென்று சிரித்தது. நாச்சப்பன் முகம் கறுத்தது. ஆனால் ராஜாவுக்கு இந்த மாதிரி நுணுக்கம் என்றால் உயிர். "அடேயப்பா! வயிற்றுக்குள் ஒளித்துக் கொண்டுவரலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லையே!" என்று துள்ளினார். உடனே ஆணையில் ஒரு வரி ஏறிற்று. வயிற்றுக்குள் இருந்தாலும் கிழக்கு நாட்டுச் சரக்கு சரக்கே.

"ஆண்டியானாலும் அரசனானாலும் விதி ஒன்றே என்று சேர்த்துக்கொள்ளுங்கள், மன்னா," என்றார் மந்திரி. சொல் அழகாக அமைந்துவிட்டால் அவருக்கு அடக்க முடியாது. "எல்லைக் காவலுக்கு நம் நாச்சப்பனையே நியமிக்கலாம். கண்ணிமைக்காமல் பார்த்துக்கொள்வான். ஏதாவது உள்ளே நுழைந்தால் அவன் தலை பொறுப்பு."

மகளை உள்ளே விட்டால் தலை போகும். விடாவிட்டால் வீட்டில் தலைகாட்ட முடியாது. நாச்சப்பன் இரண்டையும் நினைத்துப் பார்த்துவிட்டு, "உத்தரவு, மகாராஜா," என்று கும்பிட்டான்.

எல்லை என்றால் கோட்டையா கொத்தளமா? வெட்ட வெளியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். இந்தப் பக்கம் காவல் சாவடியும் காய்கிற வெயிலும். அந்தப் பக்கம் குடை பிடித்தாற்போல ஒரு புளியமரம். கூட்டிப்போக யாரும் வராததால் தானே எல்லைவரை வந்து, அந்த மரத்தடியில் மயிலாத்தாளோடு வண்டியை நிறுத்தி இறங்கியிருந்தாள் அவள் மாமியார் பழனியாத்தாள்.

"எங்கூரு மாடு தெனமும் அந்தப் பக்கம் போயி மேஞ்சுட்டு வருதுங்க, அண்ணா," என்றாள் பழனியாத்தாள். "அதுக்கெல்லாம் உங்க ராஜா ஓலை குடுத்திருக்காருங்களா?"

மயிலாத்தாள் கல்லருகே வந்து மூச்சு வாங்க நின்றாள். "கல்லு இத்துணூண்டுதானே, அப்பா. நான் தாண்டிட்டா என்ன?"

"தாண்டினா அப்பன் தலை போயிரும், கண்ணு."

"அப்ப வேண்டாம். தலையில்லாத அப்பனை வெச்சுட்டு நான் என்ன பண்றது?" என்று சிரித்தவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள்.

காளியாத்தாளும் கட்டுச்சோற்று மூட்டையோடு வந்து சேர்ந்தாள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்சோறு என்று ஒவ்வொன்றாகக் கல்லுக்கு மேலே நீட்டினாள். உள்ளே வரத்தானே தடை, வெளியே போகத் தடையில்லையே. பழனியாத்தாள் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். இன்னொரு வாய் வைத்துப் பார்த்தாள்.

"சோறு நல்லாத்தான் இருக்குதுங்க, சம்பந்தியம்மா. வீட்டுல யாருக்காச்சும் காய்ச்சலுங்களா?"

காளியாத்தாளுக்கு மானம் போயிற்று. உப்பு இல்லாமல் கட்டுச்சோறு கட்டியவள் அவள் பரம்பரையிலேயே கிடையாது. பழனியாத்தாளும் நல்லவள்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். "போகட்டும் விடுங்க. இந்தத் தடவை முறையை மாத்திக்குவோம், நான் ஆக்கிப் போடறேன்," என்று மரத்தடியிலேயே அடுப்பு மூட்டிவிட்டாள்.

மூன்று கல் கூட்டிய அந்த அடுப்பைப் பார்த்தபடியே நாச்சப்பன் நின்றான். காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசிக்கொண்டிருந்தது. அந்தச் சமயம் மேற்கே ராஜபாட்டையில் புழுதி கிளம்பிற்று. 'மகளின் வண்டி எல்லையில் நிற்கிறது, மன்னா. நாச்சப்பன் கள்ளத்தனமாக உள்ளே விடுவதைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம்' என்று மந்திரி ராஜாவைக் கிளப்பிக்கொண்டு வருகிறார். வராமல் இருப்பாரா? நாச்சப்பன் எதிர்பார்த்ததுதான்.

"சம்பந்தியம்மா," என்றான் அவசரமாக. "புளிச்சோத்துக்குத் தாளிச்சாச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"பல்லக்கு அந்த வேலமரத்தைத் தாண்டட்டும். அப்பத் தாளிங்க. பெருங்காயம் தாராளமா விழட்டும்."

பல்லக்கு வேலமரத்தைத் தாண்டிற்று. நல்லெண்ணெயில் கடுகு வெடித்தது. வறமிளகாய் கறுத்தது. பெருங்காயம் பொரிந்து, வாசனை காற்றில் ஏறி, நேராகப் பல்லக்கின் திரைக்குள் நுழைந்தது.

பல்லக்கு இறங்குமுன்பே ராஜாவின் மூக்கு இறங்கிவிட்டது.

"நாச்சப்பா, அங்கே என்ன?"

"கிழக்கு நாட்டுச் சமையல், மகாராஜா. நாற்றம் தாங்கவில்லை. தாங்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள்."

ராஜா பொத்திக்கொள்ளவில்லை. கல்லுக்கு இந்தப் பக்கமே நின்று எட்டிப் பார்த்தார். "அவள் கையில் தூவுகிறாளே, அது..."

"உப்புதான், மகாராஜா."

ராஜா எச்சிலை விழுங்கினார். மந்திரியைப் பார்த்தார். மந்திரிக்கும் நாக்கில் நீர். ஆனாலும் மந்திரி மந்திரிதானே, உடனே ஒரு நுணுக்கம் கண்டுபிடித்தார். "மன்னா, அங்கிருந்து இங்கே வருவதற்குத்தான் தடை. தாங்கள் இங்கிருந்து அங்கே போவதற்கு ஆணையில் தடையே இல்லை."

"அட, ஆமாம்!" என்றார் ராஜா. அடுத்த கணம் புளியமர நிழலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

பழனியாத்தாள் வாழையிலை போட்டாள். முறைப்படி இலையின் ஓரத்தில் முதலில் உப்பு வைத்தாள். ராஜா சோற்றுக்குக் காத்திருக்கவில்லை. விரலால் உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் ஈரமாயிற்று. வெயில் என்று மந்திரி சொன்னார். நிழலில் ஏது வெயில்?

பிறகு இலைக்கு ஒவ்வொன்றாக வந்தது. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்சோறு, வறுத்த மோர்மிளகாய். பக்கத்திலேயே வந்து உட்கார்ந்த மந்திரி ராஜாவைவிட ஒரு பங்கு கூடுதலாகவே சாப்பிட்டார். மூன்றாவது முறை இலையை நீட்டியபோது பழனியாத்தாளே, "சாமி, கொஞ்சம் மெதுவா," என்றாள்.

ஏப்பம் விட்டுக்கொண்டு ராஜா திரும்பி வந்தார். கல்லருகே காவல் தடி குறுக்கே விழுந்தது.

"நில்லுங்கள், மகாராஜா. வயிற்றில் என்ன?"

"புளிச்சோறு," என்றார் ராஜா, யோசிக்காமல்.

"எந்த நாட்டுப் புளிச்சோறு?"

மந்திரி முன்னால் பாய்ந்தார். "அடே! யாரை மறிக்கிறாய் தெரியுமா? இவர் இந்த நாட்டு அரசர்!"

"அதில் வழக்கே இல்லை, மந்திரியாரே. மகாராஜா நம்முடையவர். தாராளமாக வரட்டும்," என்று நாச்சப்பன் பணிவாகக் கும்பிட்டான். "வயிறு மட்டும் கிழக்கு நாட்டுச் சரக்கு. அதை அங்கே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்."

பல்லக்குத் தூக்கிகள் நால்வரும் ஒரே நேரத்தில் ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

"செரிக்கும் வரை இங்கேயே நிற்கட்டுமா நான்?" என்றார் ராஜா.

"நிற்கலாம், மகாராஜா. ஆனால் செரித்தால் பசிக்கும். பசித்தால் அந்தப் பக்கத்தில் கிடைப்பதைத்தான் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் மறுபடியும்..."

"தடியை எடு என்று நானே சொன்னால்?"

"எடுத்துவிடுவேன். சரக்கை உள்ளே விட்ட குற்றத்துக்கு என் தலையையும் தாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டியானாலும் அரசனானாலும் விதி ஒன்றாம், மந்திரியார் சொன்னார்." வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தான். சொல்லிக்கொண்டே வந்தவனின் கண் புளியமரத்தடிக்குப் போய்விட்டது. அங்கே மயிலாத்தாள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மா!" என்று கூவினாள்.

காளியாத்தாள் இந்தப் பக்கம் கல்லில் முழங்கால் முட்டத் துடித்தாள். தாண்டக் கால் தூக்கியவளுக்குப் புருஷன் தலை ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம் போனால் மகளை அள்ளிக்கொண்டு இங்கே ஓடி வராமல் இருக்க அவளால் முடியாது, வந்தால் அந்தத் தலை போகும். நின்றாள்.

"மகாராஜா," என்றான். இப்போது அவன் குரலில் விகடம் இல்லை. "தங்கள் வயிற்றுக்கும் என் மகள் வயிற்றுக்கும் ஒரே ஆணைதான். சீக்கிரம் ஒன்று சொல்லுங்கள்."

ராஜா துடிக்கிற பெண்ணைப் பார்த்தார். தம் வயிற்றைப் பார்த்தார். அது புளிச்சோற்றால் நிறைந்து, அவளுடையதைப் போலவே முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. முதலில் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கிற்று. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தால் வயிறு வலித்தது, வலித்தால் இன்னும் சிரித்தார்.

"ஆணை ரத்து!" என்று கத்தினார். "உப்பு வரட்டும், தூதர் வரட்டும், எல்லாரும் வரட்டும். முதலில் அந்தப் பெண் வரட்டும். என் பல்லக்கில் ஏற்றுங்கள்!"

பல்லக்கு கல்லைத் தாண்டிற்று. சாவடி வாசல்வரைக்கும்தான் போக முடிந்தது. அங்கேயே, அம்மா கையைப் பிடித்தபடி, மயிலாத்தாள் ஒரு பெண்குழந்தையைப் பெற்றாள். வெளியே வெயிலில் ராஜா செருப்பில்லாமல் நடைபோட்டுக்கொண்டிருந்தார், தம் வீட்டுப் பிரசவம் போல. குழந்தை அழுத சத்தம் கேட்டதும் கழுத்தில் இருந்த முத்துமாலையைக் கழற்றி நாச்சப்பனிடம் கொடுத்தார். இந்த எல்லைக்குப் பக்கத்தில் நல்ல நஞ்சை நிலமும் எழுதி வைத்தார். பேத்தி கல்லைத் தாண்டி இரண்டு பக்கமும் விளையாட வேண்டுமாம்.

அதற்குள் மந்திரியும் மெல்லக் கல்லைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"நீர் எங்கே வருகிறீர்?" என்றார் ராஜா.

"ஆணைதான் ரத்தாகிவிட்டதே, மன்னா?"

"எல்லாருக்கும் ரத்து. அந்த வரியை எழுதச் சொன்னவருக்கு மட்டும் ரத்தில்லை. உம் வயிறு காலியானதும் வாரும். நாச்சப்பன் பார்த்துச் சொல்வான்."

மந்திரி புளியமரத்தடியில் தொப்பென்று உட்கார்ந்தார். பழனியாத்தாள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். விருந்தாளியைப் பட்டினி போட்டால் அவள் குடும்பத்துக்கு இழுக்கு.

"வெசனப்படாதீங்க, சாமி," என்று அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினாள். "ராத்திரிக்குக் கருவாட்டுக் குழம்பு வெக்கட்டுங்களா?"

மந்திரி எப்போது ஊர் திரும்பினார் என்பது சரியாகத் தெரியவில்லை. திரும்பியபோது அவருடைய பழைய அங்கி அவருக்குப் பற்றவில்லை என்பது மட்டும் நிச்சயம். அவர்கள் அப்படியே நன்றாக இருக்கட்டும். நம் வீட்டுக் குழம்பிலும் உப்பு குறையாமல் இருக்கட்டும்.