பனை பேச்சை விட்ட கதை

பனைமரம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தேரிக்காட்டில் சுயம்பு என்றொரு பனையேறி இருந்தான். சாறு வடிய அவன் பாளை சீவ ஏறினால் போதும், மரமும் அவனும் ஊர்வம்பைத் தொடங்கிவிடுவார்கள். நடுவில் ஒரு பாட்டும் வரும். கீழே அடுப்பூதும் அவன் மனைவி பூங்கனிக்கு இரண்டு சிரிப்பும் சேர்ந்து கேட்கும். அடடா, என்ன காலம் அது! விடிந்ததும் பாளையில் கட்டிய கலயத்தை இறக்கி, வடிந்த சாற்றை இனிக்க இனிக்கக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். கள் என்றால் என்னவென்றே ஒருத்தருக்கும் தெரியாது.

ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில் சுயம்பு ஒரு கலயத்தை மரத்திலேயே மறந்துவிட்டான். வெயில் ஏறி, சாறு நுரைத்துப் பொங்கிவிட்டது. அதைக் குடித்தவனுக்குத் தலை கிறுகிறுத்தது, உடம்பு லேசானது. சரிதான், பிடித்தது சனி. அப்புறம் வேண்டுமென்றே கலயங்களை மறந்தான். பாட்டு போயிற்று, சோறு போயிற்று, கால் நடுங்கியது. ஒருநாள் பாதி மரத்திலிருந்து சறுக்கி விழுந்து படுத்துவிட்டான். அடுத்த தடவை ஆள் மிஞ்சமாட்டான் என்று பூங்கனிக்குத் தெரிந்துபோயிற்று.

தினமும் சீவாவிட்டால் பாளை காய்ந்துபோகும். அதனால் அவளே ஏறினாள். வாயில் வெற்றிலை, விரலில் சுண்ணாம்பு. உச்சியில் கை வழுக்கவும், விரலை ஒரு கலயத்துக்குள் துடைத்துவிட்டுப் பாளையைப் பிடித்தாள். மறுநாள் அவள் ஏற வெயிலாகிவிட்டது. மற்றதெல்லாம் நுரைத்திருக்க, அந்தக் கலயம் மட்டும் பழையபடி இனித்தது. அன்றே எல்லாக் கலயத்துக்கும் சுண்ணாம்பு பூசிவிட்டாள்.

குடிக்கக் கள் இல்லாமல் சுயம்பு வேர்த்தான், நடுங்கினான், அவளை வைதான். மரத்தைக் கட்டிக்கொண்டு, ஒரே ஒரு கலயம் தரச்சொல்லி அழுதான். மரத்துக்கு மனசு கேட்கவில்லை. ஓலையால் ஒரு கலயத்துச் சுண்ணாம்பைத் துடைத்துவிட்டது. அந்தக் கலயம் நுரைத்ததும் குடித்துவிட்டு அவன் மறுபடி தள்ளாடி வந்ததைப் பார்த்ததும் பூங்கனி நேரே மரத்திடம் போனாள்.

“அவன் கெஞ்சினா நான் என்ன செய்ய, பூங்கனி?” என்றது மரம். “பேச்சு கொடுத்தா இளகிருதேன். எனக்கு அவனை விட்டா யாரு இருக்கா?”

“அவரு விழுந்தா உனக்கும் ஆளில்ல, எனக்கும் ஆளில்ல. அவருகூடப் பேசாத.”

மரம் ஓலைகளைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது:

“ஒருத்தன்கிட்ட மட்டும் பேசாம இருக்க எனக்குத் தெரியாது. யாருகிட்டயும் பேசாம இருந்துக்கிடுதேன்.”

அதற்குப் பிறகு சுயம்பு கெஞ்சினான், கொஞ்சினான், திட்டியும் பார்த்தான். மரம் மூச்சு விடவில்லை, சுண்ணாம்பையும் துடைக்கவில்லை. நாள் போகப் போக நடுக்கம் நின்றது, சோறு இறங்கியது. ஒரு காலையில் சுண்ணாம்புக் கலயங்களோடு ஏறி, உச்சியில் பாட ஆரம்பித்தான். பூங்கனி அடுப்படியில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதாள். பாட்டு முடிந்தது. சுயம்பு மட்டும் சிரித்தான், கூடச் சிரிக்க யாருமில்லை.

பூங்கனி அன்று பூசியதைத்தான் இன்றும் பதநீர்க் கலயத்துக்குள் பூசுகிறார்கள். பனையும் அன்று மூடிய வாயை இன்னும் திறக்கவில்லை. யாராவது பாடிக்கொண்டு ஏறினால் மட்டும், காற்றே இல்லாவிட்டாலும் ஓலை சலசலக்கும். பேச வாயெடுத்துவிட்டு, அடக்கிக்கொள்கிறது.