ஊறப்போட்ட ஆளிச் செடியும் கோட்டைக் கிணறும்

முன்னொரு காலத்தில் மேகலாபுரி என்னும் சீமையை அதிரூபசேகரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் அவனுக்கு ஒரு வியாதி. முதலில் திடுக்கிடுவான், உடனே தண்டனை கொடுப்பான், விசாரணையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பான். அந்த அப்புறம் பெரும்பாலும் வந்ததே இல்லை.

ஒருமுறை கப்பல் வியாபாரி ஒருவன் ஒரு மூட்டை விதையைக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தான். “மகாராஜா, இது ஆளிவிதை. ஆட்டினால் எண்ணெய் வரும். அரைத்துக் கட்டினால் கட்டி பழுக்கும். செடியின் தண்டில் நார் எடுத்து நெய்தால், சித்திரை வெயிலிலும் மேனி குளிரும்” என்றான்.

பட்டுக்குள் வெந்துகொண்டிருந்த ராஜாவுக்கு வாயெல்லாம் பல். ஏரிக்கரையில் பயிர் செய்யும் சிலம்பாயியைக் கூப்பிட்டு மூட்டையைக் கொடுத்தான். அவள் நார் வேலையில் பேர் வாங்கியவள். வாங்கிய கையோடு கப்பல்காரனைப் பிடித்து உட்கார வைத்து, இரண்டு நாள் துருவித் துருவிக் கேட்டுவிட்டுத்தான் விட்டாள்.

அரண்மனைக்குப் பட்டு வாங்கித் தருகிற அதிகாரி பவளநாதருக்கு வயிறு எரிந்தது. ராஜா நார்த்துணிக்கு மாறிவிட்டால் தன்னை யார் சீந்துவார்கள்?

செடி வளர்ந்து பூத்தது. காலையில் வயல் முழுக்க நீலம். ராஜா தினமும் போய்ப் பார்த்து உருகினான். பூ முடிந்து காய் முற்றியதும் வருவதை விட்டுவிட்டான். அப்புறம் ஒருநாள் பவளநாதர் சபைக்குள் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“பிரபு! மோசம் போனோம்! சிலம்பாயி உங்கள் செடியையெல்லாம் வேரோடு பிடுங்கிக் குட்டையில் போட்டுவிட்டாள்!”

ராஜா பல்லக்குக்குக்கூடக் காத்திராமல் ஓடினான். குட்டைக்கு நூறு அடி முன்பே நாற்றம் மூக்கில் அடித்தது. கறுத்த தண்ணீரில் கட்டுக் கட்டாக அழுகிக் கிடந்தது அவனுடைய ஆசைச் செடி. மேலே கல்லை வேறு ஏற்றி அமுக்கி வைத்திருந்தாள் சண்டாளி!

“அடிப்பாவி, கொன்றுவிட்டாயே!” என்று அலறினான்.

“கொல்லலீங்க சாமி, ஊறப்போட்டிருக்கேன்” என்றாள் சிலம்பாயி. “மேல்தோல் அழுகினாத்தான் உள்ளே இருக்கிற நார் கழண்டு வரும். விதையைத் தனியா எடுத்து வச்சிட்டேன். ஒரு மாசம் பொறுத்துக்குங்க, வடமே திரிச்சுக் காட்டுறேன்.”

பவளநாதர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “இந்த அழுகலில் வடமா! அப்படி ஒன்று வந்தால், அதில் என்னையே கட்டிக் கோட்டைக் கிணற்றில் இறக்குங்கள் பிரபு!”

“பலே! அப்படியே ஆகட்டும்” என்றான் ராஜா. “வடம் வராவிட்டால் இவளைப் பிடித்து அதே கிணற்றில் தள்ளுங்கள்.”

சிலம்பாயி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ராஜாவோ நாற்றம் தாங்காமல் திரும்பி நடந்துவிட்டான்.

ஒரு மாதம் கழிந்தது. கோட்டைக் கிணற்றைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. சிலம்பாயி ஒரு வடத்தைக் கொண்டுவந்து போட்டாள். கட்டைவிரல் பருமன், பொன்னிறம். ஊறின தண்டைக் காயவைத்து, தடியால் அடித்து, ஆணிப்பலகையில் சீவி, திரித்த வடம். ராஜா தொட்டுப் பார்த்து வாயைப் பிளந்தான். பவளநாதரோ வெளிறிப்போனார்.

“சொன்ன சொல் சொல்தானே?” என்றான் ராஜா. காவலர்கள் அவர் இடுப்பில் வடத்தைக் கட்டினார்கள். சிலம்பாயி மீதி வடத்தை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினாள்.

கூட்டம் பதறிப்போயிற்று. “ஐயையோ, நனைக்கிறாளே! அறுந்துபோகுமே!”

“பிரபு, இவள் என்னைக் கொல்லப் பார்க்கிறாள்!” என்று அலறினார் பவளநாதர்.

“நனைஞ்சாத்தான் இதுக்குத் தெம்பு கூடும். காய்ஞ்ச வடம்தான் வேணும்னா சொல்லுங்க, வேற தர்றேன்” என்றாள் அவள்.

ராஜா பிறந்ததிலிருந்து கேட்காத ஒன்றை அன்றைக்குக் கேட்டான். “உனக்கு எப்படித் தெரியும்?”

“கப்பல்காரரு சொன்னாரு. அப்புறம் இதைக் கட்டிக்கிட்டு நானே எங்க கிணத்துல ரெண்டு தடவை இறங்கிப் பார்த்தேன். உசுரு போற விஷயமாச்சே!”

பவளநாதரை இறக்கினார்கள். பாதியில் நிறுத்தச் சொல்லி, சிலம்பாயி எட்டிப் பார்த்தாள். “ஐயா, அது வெறும் அழுகல்தானே? விட்டுடச் சொல்லட்டுங்களா?”

“தாயே! வேண்டாம்! அழுகல் இல்லை, தங்கம்! வைரம்!”

கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ராஜாவும் சிரித்தபடியே குனிந்து பார்த்தான். சிரிப்பு நின்றது.

நாலு பனை ஆழம். ஏறப் படி கிடையாது. சுவரெல்லாம் பாசி. அடியில் கறுப்பாகத் தண்ணீர். இதற்குள் தள்ளச் சொன்னோமே இவளை! மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு வாய் வார்த்தையாக!

“மேலே தூக்குங்கள்!” என்று கத்தினான். பவளநாதர் மேலே வந்து தரையைக் கட்டிக்கொண்டு அழுதார். அடுத்த விளைச்சலுக்கு அவரே குட்டையில் இறங்கிக் கட்டுகளை அமுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

“என்ன வேண்டும், கேள் சிலம்பாயி. நிலமா, பல்லக்கா?”

“துணி நெய்ஞ்சு தை மாசம் தர்றேன் சாமி. இந்த வடம் மட்டும் இந்தக் கிணத்துலயே தொங்கட்டும்.”

“எதற்கு?”

“அடுத்த தடவை நீங்க யாரையாவது உள்ளே தள்ளச் சொல்லுவீங்க. உங்க கோபம் தணியற வரைக்கும் அவங்களுக்குப் புடிச்சிக்க ஒண்ணு வேணுமில்லீங்களா?”

கூட்டம் விக்கித்துப்போயிற்று. காவலர்களின் கை வாளுக்குப் போயிற்று. இதோ தண்டனை வரப்போகிறது என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ராஜா வடத்தின் நுனியை எடுத்து, கிணற்றடிக் கல்தூணில் தன் கையாலேயே கட்டினான். முடிச்சை இழுத்துப் பார்த்தாள் சிலம்பாயி.

“இன்னொரு முடிச்சுப் போடுங்க சாமி” என்றாள்.

போட்டான்.