நாற்பதாயிரம் குடம் தண்ணீர்

மூங்கில்காட்டு ஏரிக்கரையில் வேம்பி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது.

கோடை வந்தால் அந்தக் காட்டில் தண்ணீர்ச் சண்டைதான். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று ஏட்டில் எழுதிவைத்தால், நரி யாருக்கும் தெரியாமல் அதைத் திருத்திவிடும். அதனால் மிருகங்கள் பிளாக்செயினுக்கு மாறின. எல்லார் இருப்பிடத்திலும் ஒரு கணினி. எல்லாவற்றிலும் ஒரே பதிவு. பதிவில் எண்ணிட்ட ஒரு கட்டம் எழுதி முடிந்தால், அடுத்த கட்டம் அதோடு சங்கிலியாய்க் கோத்துக்கொள்ளும். எழுதியதை யாராலும் அழிக்க முடியாது. நரிக்குப் பிழைப்புப் போயிற்று.

ஆனால் ஒவ்வொரு மிருகமும் தண்ணீர் கேட்கும் கணினி நிரலைத் தானே எழுதியது. முயலின் நிரலில் ஐந்து என்றால் ஐந்து குடம். கீரியின் நிரலில் அதுவே ஐந்தாம் கட்டம். இந்தக் குழப்பம் தீர, வேம்பி எல்லாருக்கும் பொதுவாக ஒரு நிரல் நூலகம் செய்துவைத்தது. அதில் இருந்தவை வெறும் பெயர்ச்சீட்டுகள். இது குட அளவு, இது கட்ட எண், இது வளையின் முகவரி. நிரலில் எண்ணுக்குப் பக்கத்தில் சீட்டை ஒட்டிவிட்டால், எண் இடம் மாறிப் போகும்போது, நிரல் ஓடும் முன்பே எச்சரிக்கை வந்துவிடும்.

அன்றிலிருந்து வேம்பிக்கு ஓய்வே இல்லை. அணில் 'கைப்பிடி' என்றொரு அளவுச் சீட்டுக் கேட்டது. கொக்கு தன் மூக்களவுக்கு 'அலகு' கேட்டது. நன்றி சொல்லத்தான் ஒருவரும் வரவில்லை.

குரங்கு சடையன் தன் மாங்கன்றுக்காக 'சொட்டு' கேட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒருநாள் நேரிலேயே வந்தது.

"அக்கா, நிரல் ஓடும்போது உங்க சீட்டு என்ன வேலை செய்யுது?"

"ஒண்ணும் செய்யாது. ஓடுறதுக்கு முன்னாடிதான் அதுக்கு வேலை" என்றது வேம்பி.

"அப்புறம் அந்தப் பாரம் எனக்கெதுக்கு?"

சடையன் வீட்டுக்குப் போய் எல்லாச் சீட்டையும் பிய்த்தெறிந்தது. நிரல் ஜோராக ஓடியது. அதை மரத்துக்கு மரம் தாவிச் சொல்லிக்கொண்டும் திரிந்தது. வேம்பிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது.

மறுவாரம் சடையன் கன்றுக்கு இரண்டு குடம் கேட்டது. நிரலில் ஒரு வரியை அப்போதுதான் மாற்றியிருந்தது. குட அளவு போகவேண்டிய இடத்தில் கட்ட எண் போய் உட்கார்ந்தது. அன்றைய கட்டம் நாற்பதாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு.

மதகுக் காவல் யானை பதிவைப் படித்தது. மதகைத் திறந்தது.

மாங்கன்று மிதந்து போயிற்று. சடையன் உச்சிக் கிளையில் தொங்கிக்கொண்டு கெஞ்சியது. "அண்ணே, போதும், நிறுத்துங்க!"

"இன்னும் முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் இருக்கு தம்பி" என்றது யானை. "சங்கிலியில எழுதியாச்சு. நான் என்ன பண்ண?"

வேம்பி சேற்றில் விழுந்து எழுந்து ஓடிவந்தது. எழுதியதை அழிக்க முடியாது. மேலே ஒரு கட்டம் சேர்க்கலாம். வேம்பி சடையனின் கணினியில் சீட்டுகளைத் திரும்ப ஒட்டியது. உடனே எச்சரிக்கை வந்தது: 'குட அளவு கேட்ட இடத்தில் கட்ட எண் இருக்கிறது.' வரியைத் திருத்தி, 'மதகை மூடு' என்று எழுதியது. ஏற்கெனவே எழுதியதை நிறுத்துவதால், எல்லா மிருகங்களும் ஒப்புக்கொண்ட பிறகே யானை மூடியது. அதற்குள், வாத்துகள் ஏரியில் நீந்திய இடத்தில் நடந்துகொண்டிருந்தன.

சடையன் வாலைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்தது. "திட்டுங்கக்கா."

"திட்டி என்ன ஆகப்போகுது? நீ கேட்ட சீட்டை மூணு வாரமா நானும் போடலையே. ஒண்டியா முடியலடா" என்றது வேம்பி.

மிருகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு முறை வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒருவராக நூலகத்தைப் பார்த்துக்கொள்ள வந்தன. 'சொட்டு'ச் சீட்டைச் சடையனே எழுதியது. வேம்பி அதைத் திருத்தச் சொல்லி நான்கு முறை திருப்பி அனுப்பியது.

எல்லாருக்கும் உதவும் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு அதை ஏளனமும் செய்தால், அதன் அருமையை வெள்ளம் வந்துதான் சொல்லும்.