ஒரு வார்த்தை பேசாத வேலைநிறுத்தம்

தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற இருதயராஜ், பேரனைக் கொஞ்ச வேண்டிய வயதில் முனைவர் பட்டத்துக்குக் கிளம்பினார். வழிகாட்டி மரகதவல்லி அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

கோவையில் ஒரு பஞ்சாலையில் நடந்த வேலைநிறுத்தம்தான் ஆய்வு. கர்ப்பிணி ஒருத்தியை வேலையைவிட்டு அனுப்பியதற்காக, ஒருநாள் காலை எண்ணூறு பேரும் ஒரே நேரத்தில் இயந்திரங்களை நிறுத்திவிட்டார்கள். அதற்குமுன் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று மேலாளர் அறிக்கையில் எழுதியிருந்தார். ஆகவே வெளியிலிருந்த தலைவர்கள் நால்வர் முன்கூட்டியே செய்த ஏற்பாடு அது என்று இருதயராஜ் முடிவுகட்டினார்.

திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். மரகதவல்லி கையெழுத்துப் போடவில்லை; இது கீழேயிருந்து, தொழிலாளிகள் பக்கமிருந்து எழுதிய வரலாறு இல்லை என்றார்.

"நாற்பது தொழிலாளிகளைப் பேட்டி எடுத்திருக்கேன் மேடம். கீழேயிருந்து எழுதறதுன்னா வேற எப்படித்தான் எழுதறது?"

மரகதவல்லி இருதயராஜை ராமாத்தாள் வீட்டுக்கு அழைத்துப் போனார். ராமாத்தாள் அந்த ஆலையில் முப்பத்தொரு வருஷம் நூல் நூற்றவர். நாற்பது பேரில் அவரும் ஒருவர். வேலைநிறுத்தச் சேதி எப்படிப் பரவியது என்று கேட்டதற்கு, "இப்படித்தானுங்க சொல்லிக்கிட்டோம்" என்றதோடு ஒலிப்பதிவில் சத்தம் நின்றுபோயிருந்தது. வயதாகிவிட்டது, மறந்துபோயிற்று என்று இருதயராஜ் குறித்துக்கொண்டிருந்தார்.

மரகதவல்லி டீ கேட்டார். சாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார்.

ராமாத்தாள் வாசலுக்குப் போனார். ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எதிர்வீட்டு மாடியில் பாப்பாத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவரும் அதே ஆலைக்காரர்தான். ராமாத்தாளின் விரல்கள் அசைந்தன, உதடு சத்தமில்லாமல் அசைந்தது. கொஞ்ச நேரத்தில் பாப்பாத்தி மூன்று டம்ளரோடு வந்து, ஒன்றை நேராக இருதயராஜிடம் நீட்டினார். அதில் சர்க்கரை இல்லை.

"மிஷின் ஓடறப்ப காது எங்கீங்க கேக்கும்? எல்லாம் கையிலதானுங்க" என்றார் ராமாத்தாள்.

அன்று முதலில் சொன்னது யார் என்று இருதயராஜ் மெதுவாகக் கேட்டார்.

ராமாத்தாள் தோளில் இரண்டு விரலைத் தட்டி, கையை மடக்கிக் காட்டினார். "நாந்தானுங்க. இதுக்கு ‘மிஷினை நிறுத்து’ன்னு அர்த்தமுங்க. பாப்பாத்தி அடுத்த வரிசைக்குச் சொன்னா. தம்பி பேட்டிக்கு வந்தப்பவும் இதையேதான் காட்டுனனுங்க. தம்பி அந்தப் பேச்சுப் புடிக்கிற பொட்டியையே பாத்துட்டு இருந்தாப்ல."

இருதயராஜுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக மலைப்பாக இருந்தது. மேஸ்திரிகள் கண்முன்னாலேயே எண்ணூறு பேரை நிறுத்திய கை அது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆய்வேட்டுக் கடைசியில தகவல் தந்தவங்க பட்டியல்ல இவங்க பேர் இருக்கு மேடம். பக்கத்துலயே இதை ஒரு குறிப்பாச் சேர்த்துடறேன்."

"அங்கேயிருந்து எடுத்துடுங்க சார்" என்றார் மரகதவல்லி. "தலைவர்கள் அத்தியாயத்துல முதல் ஆளா இவங்க பேரை எழுதுங்க."