தலைவரின் கட்டைவிரல்

பேரூராட்சித் தலைவர் ஏகாம்பரத்தின் பழைய கார் ஓடும்போது நன்றாக ஓடும். வழியில் எங்காவது நின்றால் இன்ஜின் இருமி அணைந்துவிடும்.

"புதுசா எதையும் மாட்டக்கூடாது, ஸ்பேனரைத் தொடக்கூடாது. சரியாகலன்னா உன் ஷெட்டைக் காலி பண்ணிடு" என்றார் மெக்கானிக் பூரணியிடம்.

பூரணி இன்ஜினைக் காதுகொடுத்துக் கேட்டாள். ஒரு ரப்பர் குழாய் ஓட்டையாகி உஸ்ஸென்று காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

"ஐயா, இந்த ஓட்டையில உங்க கட்டைவிரலை வைங்க."

வைத்தார். இன்ஜின் சீராக ஓடியது.

"சரியாயிடுச்சுங்க. எதையும் மாட்டல, ஸ்பேனரையும் தொடல. விரலை மட்டும் எடுத்துடாதீங்க."

தலைவர் விரலை லேசாகத் தூக்கினார். இன்ஜின் இருமியது. சட்டென்று மறுபடி அழுத்தினார்.

"அப்ப நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

"காரோட முன்பக்கம் ஏறி, இன்ஜின் மேல உக்காந்தபடியே போங்க. ஊரே பாக்கும்."

தலைவர் மறுகையால் ஸ்பேனரை எடுத்து நீட்டினார். "குழாயை மாத்தும்மா. ஷெட்டு இங்கயே இருக்கட்டும்."