கைக்கு எட்டுற பிரேக்

அறிவை அளந்து ஊற்றின அன்றைக்கு மேட்டுப்பட்டி அண்ணன் தம்பி மூன்று பேரும் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார்களாம். மூத்தவன் தவசி, நடுவன் சோணை, கடைக்குட்டி ஒச்சப்பன்.

ஒச்சப்பனுக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண் வீடு சரிவுக்குக் கீழே. மாப்பிள்ளை ஐயா சைக்கிளில் நிமிர்ந்துதான் கிளம்புவார். சரிவு வந்ததும் குனிந்து ஹேண்டில்பாரின் நடுவைக் கட்டிக்கொள்வார். பிரேக் ஓரத்தில் சும்மா கிடக்கும். பெண் பார்க்க இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் அவர்கள் வீட்டு எருக்குழியைத்தான் பார்த்தார்.

பெண்ணின் அப்பா வீரணன் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை கடைசித் தடவை. மாப்பிள்ளை ஒழுங்கா வாசல்ல வந்து நிக்கணும். இல்லேன்னா செவ்வந்திக்கு வேற இடம் பாத்துக்குவேன்."

மூவரும் சைக்கிள் கடை மலைச்சாமியிடம் ஓடினார்கள். "நிமிர்ந்து பிடிச்சாலும் குனிஞ்சு பிடிச்சாலும் பிரேக் கைக்கு எட்டணும்டா, அவ்வளவுதான்" என்றார் அவர்.

வழியிலேயே கணக்கு ஆரம்பித்தது.

"கைக்கு எட்டுன்னா, ரெண்டு கைக்கு எத்தனைண்ணே?" என்றான் சோணை.

"பதினாறு" என்றான் தவசி. மூன்றாம் வகுப்பை எட்டிப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான்.

பழைய இரும்புக் கடையில் பதினாறு பிரேக் பிடி வாங்கினார்கள். வண்டியில் இருந்த இரண்டையும் சேர்த்தால் பதினெட்டாகிவிடுமே என்று அவற்றைக் கழற்றி எறிந்தார்கள். ஹேண்டில்பாரில் இடம் பத்தவில்லை. மாட்டு வண்டி நுகத்தடியைக் குறுக்கே கட்டி, பக்கத்துக்கு எட்டாக மாட்டினார்கள். லட்சணமாகத்தான் இருந்தது.

"அண்ணே, ஒயர்?" என்றான் சோணை.

"மலைச்சாமி ஒயர்னு வாயத் தொறந்தாரா?"

"இல்ல."

"சொல்லாததச் செஞ்சா பெரியவங்களுக்கு என்னடா மரியாதை?"

வெள்ளிக்கிழமை சரிவில் ஒச்சப்பன் பதினாறையும் ஒன்று விடாமல் பிடித்தான். சைக்கிளுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

வீரணன் வீட்டு கதவு நிலையில் நுகத்தடி இரண்டு பக்கமும் இடித்து, வண்டி வாசலிலேயே கச்சிதமாக நின்றது. ஒச்சப்பன் மட்டும் நிற்காமல் உள்ளே போய்க் கேசரித் தட்டுக்கு முன்னால் விழுந்தான்.

செவ்வந்தி எட்டிப் பார்த்தாள். "வண்டி நல்லாருக்கு. உழவு என்னைக்கு?"

வந்தது வந்தோம் என்று ஒச்சப்பன் படுத்தபடியே கேசரிக்குக் கை நீட்டினான். வீரணன் தட்டை இழுத்துக்கொண்டார்.

"வாசல்ல நின்னது சைக்கிள். சைக்கிளுக்குப் பொண்ணு குடுக்குற வழக்கம் எங்கள்ல இல்ல."

வேடிக்கை பார்க்க வந்த மலைச்சாமி உச்சுக் கொட்டினார். "பாவம்டா ஒச்சப்பா, கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையே."

அண்ணன்மார் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேட்டியாடா சோணை, கைக்கு எட்டு சரியாத்தான் வச்சிருக்கோம். வாய்க்கு எட்டு வைக்கலையாம்."

"இத முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல இந்த மனுசன்?"

அன்றைக்கே ஒச்சப்பனைத் திண்ணையில் உட்காரவைத்து, வாயை ஆவென்று திறக்கச் சொல்லி, பிரேக் பிடிகளை ஒவ்வொன்றாகச் செருக ஆரம்பித்தார்கள். மூன்றாவது போனதும் அவனுக்குப் பேச்சு நின்றுவிட்டது.

சோணைக்குக் கவலை வந்தது. "அண்ணே, பொண்ணு பிடிச்சிருக்கான்னு கேட்டா இவன் எப்படிச் சொல்லுவான்?"

தவசி நாலாவதைத் தட்டி இறக்கினான்.

"எட்டையும் கடிச்சுப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கப் போறான். இதுக்கு மேல எப்படிடா பிடிக்கும்?"