பூதியார் திரித்த பேறுகாலக் கயிறு

கடலும் கழியும் கலக்கும் ஆலங்கழி என்னும் ஊரில், தேங்காய் மட்டையை ஊறப்போட்டு, அடித்து, நார் எடுத்துக் கயிறு திரித்துப் பிழைத்தவர் பூதியார். ஊறிய மட்டையின் நாற்றம் எத்தனை குளித்தாலும் உடம்பை விட்டுப் போகாது. அந்த நாற்றத்தோடுதான் அவர் உண்டார், உறங்கினார், பெருமானைத் தொழுதார். கழிக்கரை நாதர் கோயிலின் திருமஞ்சனக் கிணற்றுக்கு நீர் இறைக்கும் கயிறு அவருடைய கைத்தொண்டு. புரிக்குப் புரி சிவநாமம் சொல்லித் திரிப்பார். பழைய கயிறு தேய்ந்து அறுவதற்கு முன்பே புதியது கோயில் வாசலுக்கு வந்துவிடும்.

மேலத்தெருப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். “பெருமான் குளிக்கிற தண்ணியிலயும் மட்டை நாத்தம் வந்துடப் போகுதுடி!” என்பாள் ஒருத்தி.

“அவரு சுடுகாட்டுல ஆடுறவரு ஆத்தா. இதுக்கா மொகம் சுளிக்கப் போறாரு?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவார் பூதியார். அடியார் என்றால் வாயில்லாப் பூச்சியாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் அவரிடம் பதில் கிடையாது. மணமாகி நெடுங்காலம் பிள்ளை இல்லை. ‘மலடி’ என்று யாராவது சொன்னால் வீட்டுக்கு வந்து அழுவார். கணவர் காடனாருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து மட்டை அடித்துக்கொண்டிருப்பார். அழுது முடித்த மனைவி எழுந்து உலை வைக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்.

பெருமான் கண் திறந்தார். பூதியார் வாயும் வயிறுமானார். நிறைமாதம் நெருங்க நெருங்க இருவரும் பேறுகாலத்துக்கு வேண்டியதைச் சேர்த்தார்கள். பழந்துணிகளைத் துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆக்கினார்கள். தொப்புள்கொடி அறுக்க மூங்கில் சிம்பு சீவிவைத்தார் காடனார். விளக்கெண்ணெயும் சுக்கும் கருப்பட்டியும் பானைக்குள் போயின. வலி எடுக்கும்போது பற்றிக்கொள்ள உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கவிடுவது அவ்வூர் வழக்கம். அதைப் பூதியார் தாமே திரித்தார். உள்ளங்கையில் ஒரு சிலும்பு குத்தாதபடி அவ்வளவு வழவழப்பாக வந்திருந்தது.

அப்படியிருக்க, ஒரு நாள் விடிந்தும் விடியாத பொழுதில் கோயில் பொன்னைக் கொள்ளையிட வடகரைத் தலைவனின் ஆட்கள் படகுகளில் வந்து இறங்கினார்கள். ஊர் ஆண்களில் பெரும்பாலோர் கடலுக்குப் போயிருந்தார்கள். மட்டை அடிக்கும் கொட்டாப்புளியோடு கோயில் வாசலை மறித்து நின்றவர் காடனார் ஒருவரே. கொற்றன் என்பவன் எறிந்த வேல் அவர் வயிற்றில் பாய்ந்து முதுகில் வெளிவந்தது. கீழே விழுந்தவரை மிதித்துக்கொண்டு வேலைப் பிடுங்கினான் அந்தப் பாவி. கதறிக்கொண்டு ஓடிவந்த பூதியாரை ஓங்கி உதைத்தான். அவர் படிக்கட்டில் உருண்டார்.

அதற்குள் கடலுக்குப் போனவர்கள், கொள்ளையர் கரைக் கொட்டகைகளுக்கு வைத்த தீயின் புகையைக் கண்டு திரும்பிவிட்டார்கள். பிறகு நடந்ததைச் சொல்ல நாக்கூசுகிறது. வந்த கொள்ளையரைத் துடுப்பாலும் அரிவாளாலும் அடித்தும் வெட்டியும் கொன்றார்கள். கழித்தண்ணீர் சிவந்துபோயிற்று. பல்லுடைந்து, முகம் கிழிந்து உயிரோடு அகப்பட்டவன் கொற்றன் மட்டுமே. காடனாரின் தம்பி நல்லானார் அவனைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துவந்தார். கட்டக் கயிறு தேடியவர்கள் பூதியாரின் குடிசைக்குள் புகுந்து உத்தரத்தில் தொங்கிய கயிற்றை அறுத்துவந்து, கோயில் முன் நின்ற புன்னை மரத்தில் அவனைக் கட்டினார்கள். அண்ணன் சிதைக்குத் தீ வைக்கும் முன்னால் இவனைத் துண்டு துண்டாக வெட்டுவதென்று முடிவாயிற்று.

உதைபட்ட பூதியாருக்கு அங்கேயே வலி கண்டுவிட்டது. குடிசைக்குத் தூக்கிப் போனார்கள். மருத்துவச்சி சாத்தி வந்தாள். பொழுது உச்சிக்கு வந்தும் பிள்ளை இறங்கவில்லை. உதிரம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. இப்படிப் பிள்ளை தடைப்பட்டால் ஊரில் ஒரு முடிச்சும் கிடக்கக் கூடாது என்பது அந்தக் கழிக்கரையின் நம்பிக்கை. பெண்கள் கூந்தலை அவிழ்த்தார்கள். பெட்டிகளைத் திறந்தார்கள், மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள், படகுகளின் கட்டுகளையும் தளர்த்தினார்கள். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை.

“எங்கேயோ ஒரு முடிச்சு கெடக்கு. இன்னுஞ் செத்த நேரம் போனா ரெண்டு உசுரும் தங்காது” என்றாள் சாத்தி.

கைப்பிடிக்கக் கயிறு தேடி மேலே பார்த்த பூதியார், அது இல்லாததைக் கண்டார். அது எங்கே என்று கேட்டார். தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அவர் கண்ணை மூடிச் சிவநாமத்தைச் சொன்னார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்துவிட்டார். “பைத்தியமாடி ஒனக்கு!” என்று சாத்தி அலறியது காதில் ஏறவில்லை. கால்வழியே குருதி வழிய, இரண்டு பெண்கள் தாங்க, கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

“அவனை அவுத்து விடுங்க தம்பி” என்றார் கொழுந்தனிடம்.

நல்லானார் ஓங்கிய அரிவாளை இறக்கவில்லை. “அண்ணி! அண்ணனக் குத்துன பய இவன்!”

“தெரியும். இவனப் பாத்தா எனக்கும் வயிறு பத்தி எரியுது. ஆனா இந்தக் கயிறு நான் பேறுகாலத்துக்குத் திரிச்சது. பெருமான் பேரச் சொல்லித் திரிச்சது. இதுல ஒரு உசுரு வரணும், போகக் கூடாது.”

யாரும் அசையவில்லை. அம்மையார் தாமே மரத்தடியில் மண்டியிட்டார். கணவரின் குருதி காயாத அந்த மனிதனின் கைக்கட்டை, விரல் நகம் பெயரப் பெயர, அவிழ்த்தார்.

கட்டு தளர்ந்ததுதான் தாமதம், கொற்றன் பாய்ந்து நல்லானாரின் அரிவாளைப் பறித்தான். கூட்டம் அலறியது. பூதியார் அவன் காலடியிலேயே வலி தாளாமல் சுருண்டு கிடந்தார். அவன் அவரைப் பார்த்தான். அரிவாளை ஓங்கினான். தன் இடுப்புப் போர்க்கச்சையை முடிச்சோடு அறுத்து எறிந்தான். பிறகு குடுமியை அவிழ்த்துப் போட்டுத் தரையில் விழுந்து ஓவென்று அழுதான்.

அதைக் கண்ட நல்லானார் தம் குடுமியையும் அவிழ்த்தார். வெட்ட வந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராகக் குடுமியை அவிழ்த்து நின்றார்கள். பெண்கள் சேலை பிடித்து மறைத்தார்கள். அப்போதும் பிள்ளை வரவில்லை. பின்னாலேயே ஓடிவந்திருந்த சாத்தி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“அய்யா, இனி அவுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல” என்று கோயிலைப் பார்த்துக் கூவினார் பூதியார். “இருந்தா அது ஒங்கிட்டதான் இருக்கு!”

கருவறைப் பக்கம் ஏதோ சரிந்து விழும் ஓசை கேட்டது. அதே நொடியில் சேலை மறைப்புக்குள் பெண்குழந்தை வீரிட்டது.

குருக்கள் வெளியே ஓடிவந்தார். வாய் குழறியது. “சடை... பெருமான் சடை...” என்றார். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் சிலிர்த்துப்போனார்கள். உலாத் திருமேனியில் சிற்பி வார்த்த சடைமுடி, செப்பில் வார்த்த அந்த இறுகிய முடி, முடிச்சவிழ்ந்து இரண்டு தோளிலும் புரண்டு இடைவரை தொங்கியது. தலையிலிருந்த பிறை பீடத்தில் விழுந்து கிடந்தது. ஒரு மட்டைக்காரிக்குப் பிள்ளை பிறக்க வேண்டுமென்று உலகாள்பவன் தன் தலைமுடியை அவிழ்த்திருந்தான்.

அன்று மாலை காடனாரின் சிதை எரிந்தது. கொற்றனை நல்லானார் மன்னித்தாரா, தெரியாது. வெட்டவில்லை, அவ்வளவுதான். பூதியார் மகளை மார்போடு அணைத்துக்கொண்டு கணவருக்காக வாய்விட்டு அழுதார். இறைவன் இரங்கினான் என்பதற்காக இழந்தது திரும்பிவிடுமா என்ன?

அன்றுமுதல் அந்தப் பெருமானுக்குச் சடையவிழ்த்த நாதர் என்று பெயர். பகைவன் கைக்கட்டை அவிழ்த்து ஈசனின் சடையையும் அவிழ வைத்த பூதியாரின் நகம் பெயர்ந்த விரல்களை நாம் தலைமேல் வைத்து வணங்குவோம்.